பதினோராம் பூச்சு

மாதாவுக்குப் பதினோராம் பூச்சு பூசிய செவ்வாய்க்கிழமை மத்தியானத்திலிருந்து அளக்கரையில் எதுவும் காயவில்லை. முதலில் கொடியில் போட்ட சேலைகள் காயவில்லை, பிறகு மணலில் பரப்பிய நெத்திலி காயவில்லை, பிறகு வரட்டியும் கூழ்வற்றலும் தலைக்குக் குளித்த பெண்களின் கூந்தலும் காயவில்லை, கடைசியில் எதை நம்பி அந்த ஊர் அந்தக் கடலோரத்தில் குந்தியிருக்கிறதோ அந்த உப்பு பாத்திகளில் பூக்கவில்லை. வெயில் என்னவோ எப்போதும்போல மண்டையைப் பிளந்தது. காற்றும் எப்போதும்போல அனலாக வீசியது. அந்த வெயிலிலும் காற்றிலும் ஊர் மட்டும் இப்போதுதான் எழுதி முடித்த படம் மாதிரி பளபளவென்று ஈரமாக நின்றது.

முதல் வாரம் காற்றைக் குறை சொன்னார்கள். இரண்டாம் வாரம் கடலைக் குறை சொன்னார்கள். மூன்றாம் வாரம் யாரையும் குறை சொல்லவில்லை. மீன் விற்கிற மிக்கேலம்மாள், பிழியப் பிழியச் சொட்டிக்கொண்டிருந்த முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "காயலைன்னா காயல. கடல்ல கெடக்கற மீனு ஒணந்தா கெடக்கு? அது பாட்டுக்குப் பொழைக்கலியா?" என்று சொன்னதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது.

காரணம் தெரிந்தவன் ஊரில் ஒருவன்தான் இருந்தான். தொம்மை மிராண்டா, வயது ஐம்பத்து நான்கு, எண்ணெய்ச் சாயத்தில் படம் எழுதுகிறவன்.

தொம்மை கும்பகோணத்தில் ஓவியம் படித்துவிட்டு ஊர் திரும்பியவன். அந்தக் கடற்கரை நெடுகிலும் முப்பது கோயில்களில் அவன் எழுதிய மாதாக்கள் இருந்தார்கள். வியாகுல மாதா, விண்ணேற்பு மாதா, கடலில் தத்தளிக்கும் தோணிக்குக் கை நீட்டும் மாதா, போதாததற்குப் புனிதவதிகளில் இரண்டு வெரோணிக்கம்மாள், ஒரு மதலேனம்மாள். எல்லாருக்கும் ஒரே முகம். அது அவன் மனைவி கித்தேரியின் முகம். கலியாணமான மறுவாரம் அவளை முக்காலியில் உட்காரவைத்தவன் இருபத்தாறு வருஷமாக எழுப்பவில்லை என்று ஊரில் கேலி உண்டு. சந்தைக்குப் போனால் மிக்கேலம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "வாங்க மாதாவே, சாளை வந்திருக்கு, ஆசீர்வாதம் பண்ணி எடுத்துக்கிடுங்க" என்பாள். கித்தேரி சிரிப்பாள், ஆனால் கழுத்தைத் திருப்பாமல் சிரிப்பாள். அசையாமல் இருந்து இருந்து அவளுக்கு அப்படிப் பழகிவிட்டது.

தொம்மையின் நீலத்தைப் பற்றிக் கடற்கரையே பேசும். கண்ணாடிப் பூச்சு என்று அவன் அதைச் சொல்வான். முதலில் படம் முழுவதையும் சாம்பலும் வெள்ளையுமாகவே எழுதி முடித்துவிட வேண்டும், உயிர் இன்னும் வந்து சேராத உடம்பு மாதிரி. அது நன்றாகக் காய வேண்டும். பிறகு ஆளிவிதை எண்ணெயும் டர்பெண்டைனும் கரைத்த குங்கிலியமும் சேர்ந்த கலவையில் சிட்டிகை நிறத்தைக் குழைத்து, அடியில் இருப்பது தெரியும்படி, மூச்சுப் பட்டால் கலையும் அளவுக்கு மெல்லிசாக இழுத்துவிட வேண்டும். அது காய வேண்டும். அதன்மேல் இன்னொன்று. கீழே போட்டதைவிட மேலே போடுவதில் ஒரு சொட்டு எண்ணெய் கூடுதலாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பின்னால் வெடிக்கும். அதுவும் காய வேண்டும். இப்படிப் பத்துத் தடவை, பதினோரு தடவை பொறுமையாகப் பூசினால், வெளிச்சம் அத்தனை படலங்களுக்குள்ளும் புகுந்து அடியிலிருக்கிற வெள்ளையில் முட்டித் திரும்பி வரும்போது, நீலம் மேலே பூசியது போல இருக்காது, உள்ளேயிருந்து எரிவது போல இருக்கும். பூசுகிற கையைவிடக் காத்திருக்கிற மனசுதான் இதற்கு முக்கியம் என்பான். மனிதர்களுக்காக அவன் அப்படிக் காத்திருந்ததில்லை.

அளக்கரைப் பங்குக் கோயிலின் நடுப்பீடத்துக்காக அவன் எழுதியது உப்பளத்து மாதா. ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு. மாதா இரண்டு கைகளையும் விரித்து நிற்கிறாள். தோளிலிருந்து விழும் நீலப் போர்வை அகன்று அகன்று இறங்கி, கீழே சின்னதாக எழுதியிருக்கும் அளக்கரை ஊரையே மூடுகிறது. உப்புப் பாத்திகள், மீன் சந்தை, கோயில், பஸ் நிற்கிற புளியமரம், ஊர் எல்லைக்கல், வீடுகள், வீட்டு வாசல்களில் எறும்பளவு மனிதர்கள், எல்லாமே அந்த நீல நிழலுக்குள் வந்துவிடும். வலது கீழ் மூலையில், கட்டைவிரல் நகமளவுக்கு, முதுகைக் காட்டிக்கொண்டு முக்காலியில் ஒருவன் உட்கார்ந்திருப்பான். அது தொம்மை. தன்னை எழுதும்போது மட்டும் அவன் முகம் காட்டியதில்லை.

பத்தாம் பூச்சு பூசிக்கொண்டிருந்த ஒரு காலையில், கைகளை விரித்து நின்றபடியே கித்தேரி பேசினாள்.

"என்னங்க."

"அசையாத."

"அசையல. வாய் மட்டுந்தான் அசையுது. ஓசூர்ல எங்க பெரியம்மா மக பிரகாசி தையல்கூடம் வச்சிருக்கால்லா, அங்க துணி வெட்டுறதுக்கு ஆள் வேணுமாம். வாரேன்னு சொல்லிட்டேன்."

"எத்தன நாளைக்கு?"

"நாளெல்லாம் இல்ல. போறேன்."

தொம்மையின் தூரிகை அந்தரத்தில் நின்றது. "நான் என்ன செய்தேன்?" என்றான்.

"ஒண்ணுமே செய்யல. அதான். இருபத்தாறு வருசமா நீங்க எங்கிட்டச் சொன்னதுல 'இரு', 'அசையாத', 'தாடையத் தூக்கு', இந்த மூணுந்தான் எனக்கு நெனவு இருக்கு. முப்பது கோயில்ல நிக்கேன். ஊரெல்லாம் முழங்கால் போட்டு என்னையக் கும்பிடுது. எனக்குக் காலு மரத்துப் போச்சுங்க."

அதற்கு எத்தனையோ பதில் இருந்தது. பின்னாளில் அவன் நூறு பதில்களை யோசித்துப் பார்த்தான். அன்று அவன் வாயில் வந்தது ஒன்றுதான்.

"அப்ப படம்?"

கித்தேரி விரித்த கைகளை மெல்ல இறக்கினாள். அவள் முகத்தில் கோபமில்லை. ரொம்ப நாளாக எதிர்பார்த்த தபால் வந்து சேர்ந்தது போல ஒரு சின்ன நிம்மதிதான் இருந்தது.

"படம் காயிற வரைக்கும் இருக்கேன். காஞ்சதும் போயிருவேன். பாதியில விட்டுட்டுப் போயிட்டாங்கிற பேரு எனக்கு வேண்டாம்."

கடைசிப் பூச்சுக்காக மறுவாரம் செவ்வாய்க்கிழமை அவன் கலவை தயாரித்தான். கித்தேரி உள்ளறையில் தகரப்பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆளிவிதை எண்ணெய் புட்டியில் அடியில் கொஞ்சம் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அவன் கால் அடுக்களைக்கு நடந்தது. உப்பு ஜாடிக்குப் பக்கத்தில், வயிற்றுக்குக் கொடுக்க வைத்திருந்த விளக்கெண்ணெய்ப் புட்டி நின்றது. இரண்டுக்கும் ஒரே வெளிர்மஞ்சள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை செய்கிறவன் என்று பெயரெடுத்த தொம்மை, ஆளிவிதை எண்ணெய் காயும், விளக்கெண்ணெய் ஆயுசுக்கும் காயாது என்று முதல் வருஷப் பையனுக்கும் தெரிந்ததை அறியாதவன் போல, அந்தப் புட்டியை எடுத்து வந்து கிண்ணத்தில் சாய்த்தான். அது கொழகொழவென்று இறங்கியது. கைக்கு அந்தக் கனம் தெரிந்தது. மூக்குக்கு அந்த வாசம் தெரிந்தது. ஆனால் தனக்குத் தெரிந்ததா? அவசரத்தில் புட்டி மாறிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான், சொல்லும்போதே அதைக் கேட்டுக்கொண்டிருந்த இன்னொருவன் உள்ளே லேசாகச் சிரித்தான். மாதாவின் நெற்றியிலிருந்து ஊரின் கடைசிப் பாத்தி வரைக்கும், மூலையில் முதுகு காட்டி உட்கார்ந்திருப்பவன் வரைக்கும், அந்த நீலத்தை ஒரே சீராக இழுத்துவிட்டான். அவன் வாழ்நாளில் பூசிய பூச்சுகளிலேயே அழகானது அது.

வெள்ளிக்கிழமை திருவிழாக் கொடியேற்றம். படத்தைத் தேக்குச் சட்டத்துக்குள் வைத்து, பின்புறம் நான்கு திருகாணிகள் முடுக்கி, ஈரத்தோடேயே தூக்கிப்போய்ப் பீடத்தில் மாட்டினார்கள்.

அன்று முதல் கித்தேரி தினமும் காலைப் பூசை முடிந்ததும் பீடத்துக்குப் போய், போர்வையின் இடது ஓரத்தில் ஆட்காட்டி விரலை மெல்ல வைத்து எடுத்து, விரல்நுனியைப் பார்ப்பாள். நீலம் ஒட்டியிருக்கும். வீட்டுக்குத் திரும்பி அடுப்பை மூட்டுவாள். பெட்டி வாசலோரத்தில் பூட்டியபடி நிற்கும். அவள் படம் காய்ந்துவிட்டதா என்று பார்க்கிறாள் என்பது தொம்மைக்கு மட்டும்தான் தெரியும். அவளுக்குப் பின்னால் நின்ற பெண்கள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். மாதாவின் சாயலுள்ளவள் மாதாவைத் தொட்டு ஏதோ வேண்டிக்கொள்கிறாள் என்றால் அதில் விஷயம் இருக்கும் என்று மிக்கேலம்மாளும் தொட்டாள், நீலத்தை நெற்றியில் இட்டுக்கொண்டாள். அடுத்த ஞாயிறு வரிசை நின்றது. ஒரு மாதத்தில் அளக்கரைப் பெண்களில் நெற்றியில் நீலப்பொட்டு இல்லாதவள் இல்லை.

இப்படியாக ஊர் ஈரத்தோடு வாழப் பழகிற்று. நெத்திலியைக் காயவைப்பதை விட்டுவிட்டு ஊறுகாய் போட்டார்கள். ஈரச்சேலை உடம்பில் ஒட்டாதபடி சுற்றிக்கட்ட ஒரு புதுக் கட்டு உண்டாயிற்று. சுவருக்கு அடித்த சுண்ணாம்பில் சாய்ந்தவர்கள் முதுகில் வெள்ளையோடு திரிந்தார்கள், யாரும் அதைச் சொல்லிக்காட்டுவதில்லை. கோயில் பதிவேட்டில் மணமக்கள் போட்ட கையெழுத்து மை காயாமல் வழிந்து போனதால், பங்குச் சாமியார் இஞ்ஞாசி சாமி ஒவ்வொரு ஞாயிறும் அவர்களை வரச்சொல்லி மறுபடி கையெழுத்து வாங்கினார். மூன்றாவது ஞாயிறு ஒரு மாப்பிள்ளை வராமல் இருந்துவிட, நான்காவது ஞாயிறு அவனைப் பெண்வீட்டார் தூக்கிக்கொண்டு வந்தார்கள். புருஷனை அடக்கம் செய்து நாற்பது நாள் கழிந்தும் கன்னத்து ஈரம் காயாத லூர்தம்மாளை முதலில் ஊரே மெச்சியது. அவளே ஒருநாள் குழாயடியில் குடத்தை ணங்கென்று வைத்துவிட்டு, "அழுக எப்பவோ நின்னுட்டுடீ. இந்தத் தண்ணிதான் நிக்க மாட்டேங்கு" என்றாள்.

ஊரைவிட்டு வெளியே போக முடியாது என்பதை முதலில் கண்டுபிடித்தவன் மூன்று மணி பஸ்ஸின் கண்டக்டர் சுடலைமுத்து. அளக்கரை ஆட்கள் உட்கார்ந்து எழுந்த இருக்கைகளில் சேலைச் சிவப்பும் வேட்டி வெள்ளையும் மட்டுமல்ல, முழங்கையின் மாநிறமும் தலைமயிரின் கறுப்பும் ஒட்டியிருந்தன. எல்லைக்கல்லைத் தாண்டும்போது வண்டிக்குள்ளிருந்தவர்கள் மழையில் நனைந்த சுவரொட்டி மாதிரி வழிய ஆரம்பித்தார்கள். சுடலைமுத்து விசிலை ஊதி வண்டியை நிறுத்தி, கையைப் பிடித்து ஒவ்வொருவராக இறக்கிவிட்டான். கையைப் பிடித்ததில் அவன் கையெல்லாம் ஊர்.

"கோவிச்சுக்கிடாதீங்க. காஞ்ச பொறவு வாங்க. நான் எங்கயும் போயிர மாட்டேன்" என்றான்.

இறங்கினவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. எங்கே போகிறோம் என்பதையே மறந்தவர்களைப் போல நடந்து ஊருக்குள் வந்தார்கள். இதற்குள் வெளியூர்களிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். படத்துக்குள் இல்லாதவர்களுக்கு எந்த ஈரமும் இல்லை. அவர்கள் தாராளமாக வந்து, காயாத மாதாவைத் தொட்டு, பஞ்சில் நீலத்தை ஒற்றிக்கொண்டு, தாராளமாகப் போனார்கள். பங்குப் பேரவைத் தலைவர் சந்தியாகு அண்ணாச்சி, நாற்பது ஏக்கர் உப்பளக்காரர், பாத்தியில் உப்பு பூக்கவில்லையே என்ற விசாரத்தை விட்டுவிட்டு, வருகிறவர்களை வரிசையில் நிறுத்த மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்.

தொம்மைக்கு மட்டும் தூக்கம் கெட்டது. கித்தேரி வீட்டில்தான் இருந்தாள், அவன் ஆசைப்பட்டபடியே. அவனுக்குச் சோறு போட்டாள். தண்ணீர்ச் செம்பில், தோசையில், கதவுத் தாழ்ப்பாளில் அவள் விரலின் நீலப்புள்ளி இருந்தது. அந்தப் புள்ளிகள் நாளுக்கு ஒன்றாகக் கூடின. எண்ணவேண்டாம் என்று நினைத்தும் அவன் எண்ணினான். ஒருத்தியை இருக்கவைப்பதும் அவள் இருப்பதும் ஒன்றா? அவளை இருத்த நினைத்தவன் ஊரையே இருத்திவிட்டான். ஆனால் இந்த ஊரில் எவன்தான் எவளைத்தான் ஏதோ ஒரு எண்ணெயைப் பூசி இருத்திவைக்கவில்லை? இப்படி யோசிக்கிறபோது கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். அந்த ஆறுதலைப் பார்த்தும் உள்ளே இருப்பவன் சிரிப்பான்.

ஏழாம் மாதம் ஒருநாள் கித்தேரி படத்தைத் தொட்டுப் பார்க்காமலே வீட்டுக்கு வந்து, பெட்டியை எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். தொம்மை பின்னாலேயே ஓடினான்.

"கித்தேரி, நில்லு. எல்லையத் தாண்டினா வெளுத்திருவ."

"வெளுத்தாலும் பரவால்ல. ஓசூர்ல போயி சாயம் ஏத்திக்கிடுதேன்."

எல்லைக்கல்லுக்கு அப்பால் அவள் வலது காலை வைத்தாள். கால் தரையைத் தொட்டதும் செருப்பின் சிவப்பும், கொலுசின் வெள்ளியும், பாதத்தின் தவிட்டு நிறமும் ஒன்றன்பின் ஒன்றாக மண்ணில் இறங்கின. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். கணுக்கால் வரை வெளுப்பு ஏறியதும் தொம்மை அவளை இழுத்து இந்தப் பக்கம் போட்டான்.

அந்தப் பாதம் சாம்பலாக இருந்தது. வெறும் சாம்பலும் வெள்ளையும், நரம்பின் மேடும் நகத்தின் வளைவும் கச்சிதமாக, நிழல் விழ வேண்டிய இடத்தில் நிழல் விழுந்து. அந்தப் பாதத்தைத் தொம்மைக்குத் தெரியும். எல்லாப் பூச்சுக்கும் முன்னால், அடியில், அவன் எழுதியது அது.

அன்று சாயங்காலமே அவன் பங்குப் பேரவை முன்னால் போய் நின்றான்.

"சாமி, அது புதுமையும் இல்ல, அற்புதமும் இல்ல. வெளக்கெண்ணெய். நான்தான் ஊத்தினேன். தொடைச்சு எடுத்துட்டா ஊரு காஞ்சுரும்."

சந்தியாகு அண்ணாச்சி தொண்டையைச் செருமினார்.

"வே தொம்மை, நீரு ஒரு வெளக்கெண்ணெயின்னு ஊருக்கே தெரியும். அதுக்காவ மாதாவத் தொடைக்கணும்ங்கீரே, இது என்னவே நியாயம்?"

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பில் ஈரம் தெறித்தது.

"உம்ம பாத்தியில உப்பு பூக்கலியே அண்ணாச்சி!"

"உப்பு எல்லா ஊர்லயும் பூக்கும்வே. காயாத மாதா நம்ம ஊர்லதான் இருக்கா."

"காஞ்சுட்டா நாங்க வெரல எங்க கொண்டு வைக்க?" என்றாள் மிக்கேலம்மாள்.

தொம்மை இஞ்ஞாசி சாமியைப் பார்த்தான். அவர் நல்ல மனிதர், அங்கியின் ஈரத்தைப் பிழிந்தபடி நெடுநேரம் யோசித்து, வருத்தத்தோடுதான் சொன்னார்: "எல்லாப் புதுமைக்கும் அடியில ஏதோ ஒரு எண்ணெய் இருக்கத்தான் செய்யும் தொம்மை. அத யாரு ஊத்தினாங்கிறத நாம ரொம்பக் கிளறக் கூடாது."

கித்தேரியின் கால் என்ன ஆயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. படத்துக்குக் காவலாக இரண்டு பேரை மட்டும் போட்டார்கள்.

காவல்காரர்களும் சாப்பிடத்தானே வேண்டும். மறுநாள் உச்சிவேளையில், மாதா எங்கே போய்விடப் போகிறாள் என்று அவர்கள் வீட்டுக்குப் போனதும், தொம்மை பழைய வேட்டித் துணியும் டர்பெண்டைன் புட்டியுமாகக் கோயிலுக்குள் நுழைந்தான். ஏணியில் ஏறவில்லை. கீழேயிருந்து தொடங்கினான். துணியை நனைத்து, உப்புப் பாத்திகளின் மேல் கிடந்த நீலத்தைத் தேய்த்து எடுத்தான். அடியிலிருந்த பத்துப் பூச்சும் குங்கிலியம் கரைந்து சேர்ந்தே வந்தன, சாம்பல் தெரிந்தது. அதே நிமிஷம் வெளியே, ஊருக்குக் கிழக்கே, கூடை கூடையாகக் கண்ணாடி வளையலை யாரோ உலுக்குவது போல ஒரு சத்தம் எழுந்தது. ஏழு மாத உப்பு ஒரே மூச்சில் பூத்துக்கொண்டிருந்தது.

சந்தையைத் துடைத்தான். வீடுகளைத் துடைத்தான், கொடிகளில் சேலைகள் படபடவென்று அடித்துக்கொண்டன. எறும்பளவு மனிதர்களைத் துடைத்தான், எங்கோ லூர்தம்மாள், "ஏ நின்னுட்டுடீ! நின்னுட்டு!" என்று கத்துவது கேட்டது. புளியமரத்தையும் எல்லைக்கல்லையும் துடைத்தான். கீழ்ச்சட்டத்தின் விளிம்பு வரைக்கும் துணியை ஓட்டினான். பிறகு ஏணியில் ஏறி, போர்வையை மடிப்பு மடிப்பாகத் துடைத்து மேலே போனான். கடைசியில் முகம் மட்டும் மிஞ்சியது.

அங்கே அவன் கை நின்றுவிட்டது.

முப்பது முகங்கள் எழுதியவனுக்கு அதுதான் முகம் என்று தெரியும். கன்னத்தின் உள்ளிருந்து வந்த அந்த மங்கல் சிவப்பு, ஆறு பூச்சு, நாலு மாதம். இனி அவன் கைக்கு வராது. ஊர் காய்ந்துவிட்டது. உப்பு பூத்துவிட்டது. இவ்வளவு போதாதா? ஒரு முகம், ஒரே ஒரு முகம் ஈரமாக இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

"எல்லாரும் காஞ்சுட்டாவ. நான் மட்டும் காயல."

கித்தேரி நடுக்கோயிலில் நின்றாள். கையில் பெட்டி. கூந்தலிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் குளமாகியிருந்தது.

"நின்னுட்டீங்க" என்றாள்.

"முகம் போயிரும் கித்தேரி. அடியில உள்ளதும் சேந்து வந்துரும். வெறும் சாம்பதான் நிக்கும்."

"எந்த முகம் போயிரும்? அதுவா, இதுவா?"

தொம்மை ஏணியில் நின்றபடி திரும்பிப் பார்த்தான். எங்கே நிழல், எங்கே வெளிச்சம், தாடை எத்தனை விரற்கடை என்று எதையும் அளக்காமல் பார்த்தான். இடது கண்ணுக்குக் கீழே ஒரு சின்ன அம்மைத் தழும்பு இருந்தது. இருபத்தாறு வருஷத்தில் முப்பது படங்களில் ஒன்றில்கூட அது இல்லை. திரும்பி, துணியை டர்பெண்டைனில் முக்கி, நெற்றியிலிருந்து தாடை வரை ஒரே இழுப்பாக இழுத்தான்.

கித்தேரியின் கூந்தல் காற்றில் எழும்பியது. மரத்த காலில் ரத்தம் ஏறுவது போல அவள் வலது பாதத்தில் மெல்ல மெல்லத் தவிட்டு நிறம் ஏறியது. அவள் முகத்தைச் சுளித்து, காலை உதறி உதறிப் போட்டாள். பிறகு பீடத்துக்கு வந்து, வழக்கம்போல இடது ஓரத்தில் விரலை வைத்து எடுத்தாள். விரலைத் தன் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். அவனுக்கும் காட்டினாள். சுத்தமாக இருந்தது.

"வாரேன்" என்றாள். வாசல்வரைக்கும் போனவள் நின்றாள். "ஓசூருக்கு வாங்க. படம் போட இல்ல. சும்மா வந்து, எதுக்க உக்காந்து, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க."

மூன்று மணி பஸ் அவளை ஏற்றிக்கொண்டு எல்லைக்கல்லைத் தாண்டிப் போனது. ஒரு சொட்டு நிறமும் சிந்தவில்லை.

ஊர் தொம்மையை ஒரு வாரம் திட்டியது. சந்தியாகு அண்ணாச்சி அவனை அடிக்கவே வந்தார். வந்த வழியில் பாத்திகளில் முழங்கால் உயரத்துக்கு உப்பு கிடந்ததால், வாருவதற்கு ஆள் கூப்பிடத் திரும்பிப் போய்விட்டார். இரண்டாம் வாரம் மிக்கேலம்மாள் பழக்கத்தில் சாம்பல் மாதாவின் ஓரத்தில் விரலை வைத்து, ஒன்றும் ஒட்டாத விரலை நெற்றியில் இட்டுக்கொண்டாள். பின்னால் நின்ற பெண்களும் அப்படியே செய்தார்கள். அடுத்த திருவிழாவுக்குள் சாம்பல் மாதா என்ற பெயர் நிலைத்துவிட்டது. தொடக்கத்திலிருந்தே அப்படித்தான் இருந்தது என்று சத்தியம் செய்கிறவர்களும் இருந்தார்கள்.

படத்தைத் துடைத்த பத்தாம் நாள் தொம்மை நல்ல சட்டை போட்டுக்கொண்டு மூன்று மணி பஸ்ஸில் ஏறினான். கைப்பையில் தூரிகை இல்லை, பென்சில்கூட இல்லை. எல்லைக்கல் வந்தபோது சுடலைமுத்து அவன் தோளைத் தொட்டான்.

"அண்ணாச்சி, கம்பியில உங்க கை ஒட்டிக்கிட்டு வருது."

தொம்மை பார்த்தான். கம்பியில் ஐந்து விரலும் மாநிறமாகப் படிந்திருந்தன. கையில் ஐந்து விரலும் சாம்பலாக இருந்தன.

இறங்கி நடந்து, நேரே கோயிலுக்குப் போனான். படத்தின் வலது கீழ் மூலையில், தேக்குச் சட்டத்தின் விளிம்பு ஒரு விரற்கடை படத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அந்த விளிம்புக்கு அடியில்தான் முதுகு காட்டி உட்கார்ந்திருப்பவன் இருந்தான். துணி அங்கே போகவில்லை. நகத்தை உள்ளே விட்டு எடுத்தான். நீலம்.

அன்று துடைத்தபோது அவசரத்தில் அந்த மூலையை மறந்துவிட்டானா? சட்டம் மறைக்கிறது என்று தெரிந்தேதான் விளிம்போடு துணியை நிறுத்தினானா? கைக்குத் தெரிந்திருக்கும். கையைக் கேட்டால் சொல்லாது. சட்டத்தின் பின்னால் நான்கே திருகாணிகள். ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரத்தில் கழற்றிவிடலாம். கழற்றித் துடைத்துவிட்டால் அவன் ஓசூர் போக வேண்டியிருக்கும். போய், எதிரே உட்கார்ந்து, அசையாதே என்று சொல்லாமல், ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்து ஏதாவது பேச வேண்டியிருக்கும்.

இப்போதும் தொம்மை தினமும் காலைப் பூசை முடிந்ததும் பீடத்துக்குப் போய், சட்டத்துக்கு அடியில் விரலை விட்டுப் பார்க்கிறான். சட்டைப் பையில் திருகாணி கழற்றுகிற திருப்புளி இருக்கிறது. விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு வெளியே வருகிறான். மூன்று மணிக்குப் புளியமரத்தடியில் போய் நிற்கிறான். பஸ் வந்து நிற்கிறது. சுடலைமுத்து படியில் தொங்கியபடி, தினமும் கேட்கிற மரியாதையோடு கேட்கிறான்:

"அண்ணாச்சி, காஞ்சாச்சா?"

"இன்னும் இல்லப்பா."

விசில் ஒலிக்கிறது. வண்டி எல்லைக்கல்லைத் தாண்டிப் போகிறது. அது கண்ணிலிருந்து மறைகிற வரைக்கும் தொம்மை தாடையைச் சற்றுத் தூக்கியபடி, அசையாமல் நிற்கிறான்.